பத்து விரல்களின் நுனி

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில்கூட அமெரிக்க வீட்டுப் பூனைகள் பலவற்றுக்கு இரவுப்பொழுது வெளியில்தான். உள்ளே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் தட்டில் மணலோ அடுப்புச் சாம்பலோ கொட்டி வைத்தார்கள். சாம்பல் மிதித்த பூனை வீடெங்கும் கறுப்புத் தடம் பதித்தது. 1947-இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் களிமண் குருணையை அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருவருக்குச் சாம்பலுக்குப் பதிலாகக் கொடுத்துப் பார்த்தார். நன்றாக வேலை செய்தது. பையில் அடைத்து விற்க ஆரம்பித்தார். நாற்றப் பிரச்சினை தீர, பூனை நிரந்தரமாக வீட்டுக்குள் குடியேறியது. அதன் நகமும் கூடவே வந்தது. சோபா, திரைச்சீலை, தரைவிரிப்பு, குழந்தையின் கை என்று எல்லாவற்றோடும் அந்த நகம் தகராறு செய்ய, அமெரிக்கக் கால்நடை மருத்துவம் 1950-களில் அதற்கு ஒரு அறுவை சிகிச்சையைத் தீர்வாக முன்வைத்தது. அடுத்த அரை நூற்றாண்டில் அது கருத்தடை போலவே சாதாரண விஷயமாகிவிட்டது. அந்நாட்டு வீட்டுப் பூனைகளில் நான்கிலோ ஐந்திலோ ஒன்று முன்னங்கால் நகங்கள் இல்லாதது என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள்.

இந்தியாவில் இந்த அறுவை அரிது. நம் ஊர்ப் பூனை வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் வாழ்வது. அதன் நகத்தை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. ஐரோப்பாவிலும் இது ஒருபோதும் பரவவில்லை. எனவே இது முதன்மையாக அமெரிக்காவின் விவகாரம். கனடாவுக்கும் அதில் பங்குண்டு. அங்கே கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த வாதப் பிரதிவாதங்கள், வீட்டு விலங்கின் உடல்மீது உரிமையாளருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வியை அதன் எல்லா மூலைகளிலும் துருவிப் பார்த்திருக்கின்றன.

முதலில் அறுவையைத் தெரிந்துகொள்வோம். பூனையின் நகம் நம்முடையதைப்போல விரல் சதையின் மேல் படிந்த தகடு அல்ல. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பிலிருந்து அது முளைக்கிறது. அந்த எலும்பின் விளிம்பிலுள்ள திசு கொஞ்சம் மிஞ்சினாலும் நகம் திரும்ப வளரும், சில சமயம் கோணலாக, தோலுக்குள்ளேயே. ஆகவே நகம் இனி வராமலிருக்க ஒரே வழி, அந்தக் கடைசி எலும்பையே மூட்டோடு கழற்றி எடுப்பதுதான். முன்னங்காலுக்கு ஐந்து வீதம் பத்து எலும்புகள். பின்னங்கால்களிலும் எடுக்கச் சொன்னவர்கள் உண்டு. அப்போது கணக்கு பதினெட்டு.

பூனை சும்மா இருக்கும்போது, மீள்தன்மையுள்ள தசைநார்கள் இந்த நுனி எலும்பை மேல்நோக்கி மடக்கி நகத்தை உறைக்குள் வைத்திருக்கின்றன. பாயும்போதும் பிராண்டும்போதும் காலிலுள்ள தசை ஒன்று நீளமான தசைநாண் வழியாக எலும்பைக் கீழே இழுக்க, நகம் வெளியே நீள்கிறது. அறுவையில் இந்தத் தசைநார், தசைநாண், நரம்பு, ரத்தநாளம் எல்லாமே அறுபடுகின்றன. ஒரு காலத்தில் பெரும்பாலானோர் பயன்படுத்தியது, நகம் வெட்டும் கருவியைப் போன்ற ஒரு கத்தரிப்பானை. வேகமாக முடிந்துவிடும், ஆனால் எலும்பின் ஒரு சில்லு உள்ளேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். பிறகு அறுவைக் கத்தி. அதன்பின் லேசர் வந்தது. ரத்தம் குறைவு, வலி குறைவு என்று அதற்குத் தனி விளம்பரம். எந்தக் கருவியானாலும் எடுக்கப்படுவது அதே எலும்புதான்.

எதிர்ப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒப்பீடு, மனிதரின் விரல்களைக் கடைசிக் கணுவோடு வெட்டுவது போல என்பது. உடற்கூறுப்படி அது சரிதான். இருந்தாலும் அதில் ஒன்று விடுபட்டுப் போகிறது. நாம் விரல்களால் நடப்பதில்லை. பூனை நடப்பது விரல்களால்தான். உள்ளங்கால் தரையில் படாமல், விரல்களின் திண்டுகளில் எடையைத் தாங்கி நடக்கும் விலங்கு அது. நுனி போனால் எடை விழும் இடம் மாறுகிறது, நடையும் அதற்கேற்ப மாறுகிறது. முதுகுவரை அதன் விளைவு போய்ச் சேருகிறது என்பதை ஆய்வுகள் தாமதமாகத்தான் கவனித்தன.

இதற்கு மாற்றாக இன்னொரு அறுவையும் புழக்கத்தில் இருந்தது. எலும்பை விட்டுவிட்டு நகத்தை நீட்டும் தசைநாணை மட்டும் அறுத்துவிடுவது. நகம் இருக்கும், பூனையால் நீட்ட முடியாது. பிராண்டித் தேய்க்க வழியில்லாததால் நகம் தடித்து வளர்ந்து திண்டுக்குள் குத்திக்கொள்ளும். உரிமையாளர் ஆயுள் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நகம் வெட்டச் சோம்பல்பட்டவருக்கு அதே வேலையை நிரந்தரமாகக் கொடுக்கும் இந்த அறுவையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

நகநீக்கத்தை ஆதரித்தவர்களைக் கொடூரர்களாகச் சித்திரிப்பது எளிது. அது நியாயமும் அல்ல. பூனையை நேசித்தவர்கள்தான் பணம் கட்டிச் செய்தார்கள். அவர்களுடைய வாதங்களில் மூன்று பரிசீலிக்கத் தக்கவை.

முதலாவது உடல்நலம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர், தோல் மெலிந்த நோயாளி ஆகியோருக்குப் பூனையின் ஒரு கீறலே ஆபத்தாகலாம். பார்ட்டொனெல்லா என்ற பாக்டீரியா கீறல் வழியாகப் பரவுவது உண்மை. ஆனால் அது நகத்துக்கு எங்கிருந்து வருகிறது? தெள்ளுப்பூச்சியின் எச்சத்திலிருந்து. தெள்ளுப்பூச்சியை ஒழித்தால் அந்த அபாயத்தின் பெரும்பகுதி போய்விடும். எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கான அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல்கள்கூட நகநீக்கத்தைப் பரிந்துரைப்பதில்லை. முரட்டு விளையாட்டைத் தவிர்க்கவும், கீறல் பட்டால் உடனே கழுவவும், தெள்ளுப்பூச்சியைக் கட்டுப்படுத்தவும்தான் சொல்கின்றன. நகமில்லாத பூனை பல்லை நாடக்கூடும் என்பதும் இங்கே கணக்கில் வர வேண்டும். பூனையின் ஊசிப் பல் ஆழமாக இறங்குவதால், கடிக்காயம் கீறலைவிட மோசமாகச் சீழ் பிடிக்கும்.

இரண்டாவது, தொழில் சுதந்திரம். எந்த அறுவை தேவை என்பதை மருத்துவரும் உரிமையாளரும் தீர்மானிக்கட்டும், சட்டசபைக்கு அங்கே என்ன வேலை என்பது. இதைச் சட்டம் நடந்துவந்த பாதையோடு சேர்த்துப் பின்னால் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் உண்மையில் கனமானது. நகம் எடுக்காவிட்டால் உரிமையாளர் பூனையைக் காப்பகத்தில் விட்டுவிடுவார். இடமில்லாத காப்பகம் அதைக் கொன்றுவிடும். பத்து விரல் நுனியா, உயிரா? இப்படிக் கேட்டால் பதில் சொல்லத் தடுமாறத்தான் வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் நீண்ட காலம் கடைப்பிடித்த நிலைப்பாடும் இதை ஒட்டியதே: பூனையின் பிராண்டலை வேறு வழிகளில் தடுக்க முயன்று பார்த்த பிறகே, அல்லது வீட்டிலுள்ளவருக்கு வழக்கத்தைவிட அதிக உடல்நல ஆபத்து இருந்தால் மட்டுமே நகநீக்கத்தைப் பரிசீலிக்கலாம். அதாவது கடைசி வழி.

என் கருத்தில் இந்த விவாதம் முழுவதும் இந்தக் 'கடைசி வழி'யில்தான் நிற்கிறது. அங்கேதான் சரிந்தும் விழுகிறது. நடைமுறையில் இந்த அறுவை எப்போது நடந்தது என்று பாருங்கள். நான்கைந்து மாதக் குட்டியைக் கருத்தடைக்குக் கொண்டுவரும்போது, ஒரே மயக்க மருந்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று. இரண்டுக்கும் சேர்த்துச் சலுகைக் கட்டணம் அறிவித்த மருத்துவமனைகளும் இருந்தன. வீட்டுக்கு வந்து சில வாரங்களே ஆன குட்டி எந்தச் சோபாவைக் கிழித்திருக்கும்? யார், எந்த வழியை முயன்று தோற்றிருப்பார்கள்? வாடகை ஒப்பந்தத்தில் நகம் எடுத்த பூனைக்கு மட்டுமே அனுமதி என்று எழுதிய வீட்டுக்காரர்களும் உண்டு. கலிபோர்னியா 2013 முதல் அத்தகைய நிபந்தனையைச் சட்டத்தால் தடுக்க வேண்டியதாயிற்று. கொள்கை அறிக்கையில் கடைசி வழியாக இருந்தது, மருத்துவமனை மேசையில் முதல் வழியாக இருந்திருக்கிறது.

உயிர் காக்கும் என்ற கூற்றும் சோதிக்கப்பட்டுவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2018-இல் நகநீக்கத்தைத் தடை செய்தது. அந்த மாகாணக் காப்பகங்களின் பதிவேடுகளைத் தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பூனைகள் கைவிடப்படுவதோ கருணைக்கொலை செய்யப்படுவதோ தடையால் கூடியதாகக் காணவில்லை. பொருள்களை நாசம் செய்கிறது என்ற காரணத்துக்காக ஒப்படைக்கப்பட்டவையே மிகச் சொற்பம். மனிதர்கள் பூனையைக் கைவிடும் காரணங்கள் வேறு: வீடு மாறுதல், ஒவ்வாமை, பணம். பூனையின் தரப்பில் அடிக்கடி சொல்லப்படுவது, அது மணல் தட்டை விட்டு வேறிடத்தில் மலசலம் கழிப்பது. அதற்கும் நகநீக்கத்துக்கும் உள்ள உறவுதான் இந்த வாதத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறது.

2017-இல் பூனை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான அமெரிக்க ஆய்வு 274 பூனைகளை எடுத்துக்கொண்டது. பாதி நகம் நீக்கப்பட்டவை, பாதி நீக்கப்படாதவை. நீக்கப்பட்ட 137-இல் 63 சதவீதத்துக்கு எக்ஸ்ரேயில் எலும்புச் சில்லு தங்கியிருந்தது தெரிந்தது. முதுகு வலி, கடித்தல், தன் ரோமத்தை மிகையாக நக்கிப் பிய்த்தல், தட்டுக்கு வெளியே மலசலம் கழித்தல் எல்லாமே இவற்றில் கூடுதல். காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. புண்ணான விரலால் குருணையைத் தோண்டினால் வலிக்கும். வலி தந்த தட்டைப் பூனை வெறுக்கிறது. மெத்தை மிருதுவாக இருக்கிறது. நகநீக்க ஆதரவாளர்கள் இந்த ஆய்வைக் கண்டு, தவறு அறுவையில் அல்ல, அரைகுறையாகச் செய்த கையில் என்றார்கள். அந்தப் பதிலுக்கும் ஆய்விலேயே மறுபதில் உண்டு. எலும்பை முழுசாக எடுத்த பூனைகளின் நிலை சில்லு தங்கியவற்றைவிட மேலானது. ஆனால் நகமுள்ள பூனைகளோடு ஒப்பிட்டால் கடிப்பதும் தட்டைத் தவிர்ப்பதும் அவற்றிலும் அதிகமாகவே இருந்தன. ஒரே ஓர் ஆய்வு, பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்ற வரம்புகள் இதற்கு இருக்கத்தான் செய்கின்றன. என்றாலும் பூனையை வீட்டில் தக்கவைக்கச் செய்யும் அறுவையே அதை வீட்டைவிட்டு அனுப்பும் பழக்கத்தைத் தூண்டலாம் என்றால், 'உயிரா நகமா' என்ற கேள்வியின் பிடி நழுவிவிடுகிறது.

இதற்கு முந்தைய ஆய்வுகள் பலவும் உரிமையாளரிடம் கேட்டு எழுதியவை. பெரும்பாலோர் திருப்தி தெரிவித்தார்கள். சோபா பிழைத்தவருக்குத் திருப்தி இல்லாமல் என்ன? பூனை வலியை வெளிக்காட்டாத பிராணி. தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகும் உயிரினத்தின் பழக்கம் அது. காது கொஞ்சம் விலகி இருப்பது, கண் சுருங்குவது, முகவாய் இறுகுவது, மீசை விறைப்பது, தலை தாழ்வது என்று ஐந்து குறிகளை வைத்துப் பூனையின் முகத்தில் வலியை அளக்கும் முறையை மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டதே 2019-இல்தான். அதுவரை 'என் பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று எத்தனையோ பேர் உண்மையாகவே நம்பியிருப்பார்கள்.

இருந்தாலும் வலியை மட்டும் நம்பி வழக்காடுவது ஆபத்து. நாளைக்கே வலியில்லாத ஒரு முறை வந்தால் என்ன செய்வது? அறம் அப்போது அனுமதி கொடுத்துவிடுமா? இங்கேதான் அமெரிக்கத் தத்துவவாதி பெர்னார்ட் ரோலின் பயன்படுகிறார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு அறவியல் கற்பித்தவர், 2021-இல் காலமானார். ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் இயல்பு இருக்கிறது, அந்த இயல்பின்படி வாழ விடாமல் தடுப்பதே ஒரு தீங்கு, தனியாக வலிக்க வேண்டியதில்லை என்பது அவர் சிந்தனையின் சாரம். பூனை பிராண்டுவது குறும்புக்காக அல்ல. தூங்கி எழுந்ததும் உயரமான ஒன்றில் நகத்தை ஊன்றி உடலை நீட்டி முதுகை முறிக்கிறது. தேய்ந்த மேலுறை கழன்று விழுந்து கீழே புது நகம் கூர்மையாக வெளிப்படுகிறது. விரலிடைச் சுரப்பிகளின் வாசனை அங்கே பதிந்து, இது என் இடம் என்று அறிவிக்கிறது. நகம் எடுத்த பூனையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: அது இன்னமும் சோபா முன் வந்து நின்று, வெறும் பாதத்தால் அதே அசைவைச் செய்துகொண்டிருக்கும்.

'அப்படியானால் கருத்தடை மட்டும் இயல்புக்கு ஏற்றதா?' என்ற கேள்வி வராமல் இருக்காது. இது விதண்டாவாதமல்ல. கருத்தடையும் உரிமையாளரின் வசதிக்காகச் செய்யப்படுவதுதான், அதுவும் திரும்பப் பெற முடியாததுதான். ஆனால் பெண் பூனைக்குக் கருப்பைச் சீழும் மடிப் புற்றும் தவிர்க்கப்படுகின்றன அல்லது குறைகின்றன; வீடற்ற குட்டிகள் பிறப்பது நிற்கிறது. அதைவிட முக்கியமாக, கருத்தடையில் வேட்கை அடங்குகிறது. நகநீக்கத்தில் வேட்கை அப்படியே இருக்க, கருவி மட்டும் போகிறது. இந்த வேறுபாடு எனக்குப் போதுமானதாகப் படுகிறது. கருத்தடை முழுக்கக் குற்றமற்றது என்று வாதிட நான் தயாரில்லை.

இன்னும் சங்கடமான கேள்வி ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. நாமக்கல் போன்ற இடங்களின் முட்டைக் கோழிப் பண்ணைகளில், குஞ்சு பொரித்த சில நாட்களிலேயே சூடான தகட்டால் அலகு நுனி வெட்டப்படுகிறது. கூண்டு நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும், அதைத் தடுக்க. விலங்குக்குப் பொருந்தாத இடத்தைக் கட்டிவிட்டு, பிறகு இடத்துக்குப் பொருந்துமாறு விலங்கை வெட்டுவதுதான் இரண்டிலும் நடப்பது. பூனையின் விரலுக்காக அழுத நியூயார்க்வாசி காலையில் சாப்பிட்ட முட்டையும் பெரும்பாலும் அலகு வெட்டிய கோழி இட்டதாகவே இருந்திருக்கும். பூனைக்குக் கிடைத்த நியாயத்தை இது பொய்யாக்கிவிடாது. அந்த நியாயம் செல்லப்பிராணியோடு நின்றுபோனதை மட்டும் காட்டிக்கொடுக்கிறது.

சட்டத்தின் பாதை நேர்கோடு அல்ல. 1987-இல் உருவான ஐரோப்பியச் செல்லப்பிராணி உடன்படிக்கை, வால் வெட்டுதல், காது வெட்டுதல், குரல் நீக்குதல் ஆகியவற்றோடு நகநீக்கத்தையும் தடை செய்தது. இஸ்ரேல் 2011-இல் சிறைத்தண்டனையுடன் கூடிய தடையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் போராட்டம் வீட்டுப் பூனையிலிருந்து தொடங்கவில்லை என்பது விந்தை. ஜெனிஃபர் கான்ராட் என்ற கால்நடை மருத்துவர், திரைப்படங்களிலும் காட்சிச்சாலைகளிலும் வேலை செய்ய வைப்பதற்காக நகம் பறிக்கப்பட்ட சிங்கம், புலிகளின் பாதங்களைச் சீரமைத்துக்கொண்டிருந்தார். நடக்க முடியாமல் முட்டியில் தவழும் புலியைப் பார்த்த பிறகு வீட்டுப் பூனையும் அதே அறுவையோடுதான் வாழ்கிறது என்பதை மறக்க முடியாதல்லவா. அவருடைய முயற்சியால் 2003-இல் கலிபோர்னியாவின் சிறிய நகரமான வெஸ்ட் ஹாலிவுட் நகநீக்கத்தைத் தடை செய்தது. அந்நாட்டில் அதுவே முதல் தடை.

மாநிலக் கால்நடை மருத்துவச் சங்கம் நீதிமன்றம் போயிற்று. முதலில் வென்று, 2007-இல் மேல்முறையீட்டில் தோற்றது. பிறகு சட்டசபை வழியாக வந்தது. மாநில உரிமம் பெற்ற தொழிலரின் சிகிச்சை முறைகளை நகராட்சிகள் தடை செய்யக் கூடாது என்ற சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஜனவரி முதல் தேதி அமலாகவிருந்தது. இடைப்பட்ட மாதங்களில் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, பெர்க்லி, சாண்டா மோனிகா, பெவர்லி ஹில்ஸ், பர்பாங்க், கல்வர் சிட்டி ஆகிய ஏழு நகரங்கள் அவசர அவசரமாகத் தடை போட்டுக்கொண்டன. கதவை மூடப் போகிறோம் என்று முன்கூட்டி அறிவித்ததால் கூட்டம் உள்ளே நுழைந்த கதை. 2019-இல் நியூயார்க் முதல் மாநிலமாகத் தடை செய்தது; மீறினால் ஆயிரம் டாலர் வரை அபராதம், நகத்தடியில் கட்டி, தீராத தொற்று போன்ற மருத்துவக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. 2022-இல் மேரிலாந்து, 2024-இல் வர்ஜீனியா, 2025-இல் மாசசூசெட்ஸ் தொடர்ந்தன. கலிபோர்னியாவே 2025-இல் மாநில முழுமைக்குமான தடைக்கு வந்து சேர்ந்தது.

தொழில் சுதந்திர வாதத்துக்குக் கனடா நாகரிகமான பதில் தந்தது. நோவா ஸ்கோஷியாவில் தடையைக் கொண்டுவந்தது சட்டசபை அல்ல, அங்குள்ள கால்நடை மருத்துவர் அமைப்பேதான். 2017 இறுதியில் தன் தொழில்நெறியைத் திருத்திக்கொண்டது. தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொண்டவர்களிடம் யாரும் சுதந்திரம் பறிபோனதாகச் சொல்ல முடியாது. அமெரிக்கச் சங்கம் அந்த அளவுக்குப் போகவில்லை. 2020-இல் நகநீக்கத்தை ஊக்குவிப்பதில்லை என்று அறிவித்து, மருத்துவரின் தனித்தீர்ப்பை மதிப்பதாகவும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் மார்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான பான்ஃபீல்ட், விசிஏ, புளூபேர்ல் ஆகிய பெரும் மருத்துவமனைத் தொடர்கள் விருப்ப நகநீக்கத்தை நிறுத்தின. சங்கத்தின் தீர்மானத்தைவிட இந்த வணிக முடிவு அதிகப் பூனைகளைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

மாற்று வழிகள் அலுப்பூட்டுமளவுக்கு எளியவை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகநுனியை வெட்டுவது. தேவையானால் நகத்தின் மேல் ஒட்டும் வினைல் உறை. பிராண்டுவதற்கு ஒரு கம்பம். அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் விற்கும் குட்டையான, தொட்டால் ஆடும் கம்பத்தை வாங்கி, யாரும் புழங்காத மூலையில் வைத்துவிட்டு, பூனை சீண்டவில்லை என்கிறார்கள். கம்பம் பூனை முழுதாக எழும்பி நீட்டும் உயரம் இருக்க வேண்டும், சாயக் கூடாது, சணல் போன்ற கயிறு சுற்றியிருக்க வேண்டும், நிற்க வேண்டிய இடம் அது ஏற்கெனவே குறிவைத்துள்ள சோபாவின் பக்கத்தில். அங்கே பிராண்டும்போது தின்பண்டம் கொடுத்தால் பழகிக்கொள்ளும்.

தடைகள் இனி வரும் பூனைகளுக்கு. ஏற்கெனவே நகமிழந்து வட அமெரிக்க வீடுகளிலும் காப்பகங்களிலும் வாழும் பூனைகள் ஏராளம்; பூனை பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட வாழும் என்பதால் அவை இன்னும் நெடுங்காலம் இருக்கும். அவற்றில் ஒன்று கடிக்கவோ தட்டைத் தவிர்க்கவோ தொடங்கினால், குணக்கேடு என்று முடிவு கட்டுவதற்கு முன் பாதத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் பூனை மருத்துவர்கள். சில்லு தங்கியிருந்தால் அகற்றலாம். நாள்பட்ட வலிக்கு மருந்து தரலாம். மணல் தட்டில் கரடுமுரடான குருணைக்குப் பதிலாக மென்மையான பொடியோ கிழித்த காகிதமோ போடலாம். உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கூடுகிற ஒவ்வொரு கிராமும் அந்தப் பத்து விரல்களின் மேல்தான் இறங்குகிறது.